நடை சாத்தும் நேரம் தெரியாமல் செட்டிநாட்டுக்கு வேன் பிடிக்காதீர்கள்

“ஒன்பது நகரக் கோயிலும் ஒரே நாளில முடிச்சிரலாம்ல ஆச்சி?” நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்கிற நகரத்தாரின் ஒன்பது சிவன் கோயில்களைப் பற்றி, சென்னையிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி இதுதான். முடிக்கலாம். காரில் நாலு பேர், நாலு பேருக்கும் முழங்கால் திடமாக இருந்து, விடியற்காலையே கிளம்பினால் முடியும், முடித்தவர்களும் உண்டு. 25 பேர் வேனில் வந்தால் முடியாது.

கணக்கு எளிது. வேன் நின்றதும் செருப்பைக் கழற்றி, பூ வாங்கி, கால் கழுவி, அர்ச்சனை முடிந்து, பிரகாரம் சுற்றி, காணாமல் போன சித்தப்பாவைத் தேடிப் பிடித்து மறுபடி ஏறுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். எங்கள் பக்கம் பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள், திறப்பது மாலை 4 மணிக்கு மேல்தான். பிள்ளையார்பட்டியில் கூட்டம் இருப்பதால் 1 மணி வரை பார்க்கலாம். அந்த நேரத்தை நம்பி மற்ற கோயில்களுக்குப் போனால் பூட்டின கதவைத்தான் கும்பிட வேண்டும். காலையில் நாலு, மாலையில் இரண்டு. கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒரு நாளுக்கு அதற்கு மேல் நான் பயணத் திட்டம் எழுதித் தருவதில்லை.

ஒன்பதும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, நேமம், இரணியூர், இளையாத்தங்குடி ஒரு நாள். மாத்தூர், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி மறுநாள். இளையாத்தங்குடியில் காஞ்சி மடத்தின் 65-ஆவது பீடாதிபதியின் அதிஷ்டானமும் (சமாதிக் கோயில்) இருக்கிறது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இந்த ஒன்பதையும் சுற்றுலாப் பட்டியல் மாதிரி டிக் அடித்துக்கொண்டே போவதுதான் எனக்குப் பொறுக்காதது. நகரத்தாருக்கு இவை குடும்பப் பதிவேடு. எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை வைத்துத்தான் பங்காளி யார், சம்பந்தம் செய்துகொள்ளத் தக்கவர் யார் என்று தெரியும்; கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். இதை வேனில் வரும்போதே யாராவது ஒருவர் மைக்கில் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால், “எல்லாமே சிவன் கோயில்தானே, ஒண்ணு பார்த்தா போதாதா?” என்ற முணுமுணுப்பு பின் சீட்டிலிருந்து வராது.

பிள்ளையார்பட்டியிலேயே அந்தத் தவறு நடக்கிறது. கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு, மோதகம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாறையைக் குடைந்து எடுத்த அந்தப் பிள்ளையாருக்கு இரண்டே கைகள், துதிக்கை வலம் சுழித்திருக்கும், பார்ப்பது வடக்கு. அங்கேயே மருதீசரும் வாடாமலர் மங்கையும் இருக்கிறார்கள். நகரக் கோயில் என்ற கணக்கில் இது மருதீசர் கோயில்தான். பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த ஒன்பதில் சேராத திருக்கோஷ்டியூரில் இன்னும் மோசம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, சௌம்ய நாராயணப் பெருமாள். ராமானுஜர் தான் கற்ற மந்திரத்தைக் கோபுரத்தின் மேல் நின்று ஊருக்கெல்லாம் சொன்ன இடம். அங்குள்ள அஷ்டாங்க விமானம் அடுக்கடுக்கானது. கிடந்த, நின்ற, இருந்த கோலங்களைப் படியேறி ஒவ்வொரு தளமாகச் சேவிக்க வேண்டும். “நேரமாச்சு, நேரமாச்சு” என்று கீழே மட்டும் கும்பிட்டுவிட்டு வேனுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இந்த ஊருக்கு ஒரு மாலைப்பொழுதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயர் ஒரு தனிக் கூத்து. திருப்பத்தூர் என்று போன் வரைபடத்தில் தட்டினால் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரைக் காட்டும். நமக்கு வேண்டியது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், திருத்தளிநாதரும் யோக பைரவரும் இருக்கிற ஊர், 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். மாத்தூரும் அப்படித்தான். என் அம்மான் மகன் கூட்டிவந்த வேன் ஒரு முறை திருச்சிப் பக்கத்து மாத்தூரில் போய் நின்றுகொண்டு, “இங்க ஐநூற்றீஸ்வரர் யாருக்குமே தெரியல” என்று எனக்குப் போன் செய்தது. காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்கு! அதிலிருந்து ஊர்ப் பெயரோடு சுவாமி பெயரையும் மாவட்டத்தையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தேதி பார்ப்பதில் சங்கடஹர சதுர்த்தியும் விநாயகர் சதுர்த்தியும் பிள்ளையார்பட்டியில் கூட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது தைப்பூசம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடி முருகன் மலைக்கோயிலில் கூடிப் பழனிக்கு நடக்கும் நாட்களில் அந்தச் சாலையில் வேன் ஊர்ந்துதான் போகும். நடையாத்திரை பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல காலம் இல்லை; எட்டுக் கோயில் திட்டத்தோடு வந்தால் தொலைந்தீர்கள். இன்னொன்று, திருப்பணி நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். திருப்பணிக்காக சுவாமியின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி பாலாலயம் செய்திருந்தால் மூலவரைப் பார்க்க முடியாது. கோயில் வாசலில் பூ விற்பவரிடம் கேட்டாலே இந்தத் தகவல் கிடைக்கும். ஆனால் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டு என்ன பயன்?

வயதானவர்கள் விஷயத்தில் குன்றக்குடி படியை மட்டும் நினைத்துப் பயப்படுகிறார்கள். படி ஏற முடியாதவர்களை அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார வைத்துவிடலாம். கொடுமை எதுவென்றால் 11 மணிக்கு மேல் கொதிக்கும் கல் பிரகாரம். சர்க்கரை நோய்க்காரர்கள் பலருக்குக் காலில் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். வெட்டவெளிப் பிரகாரம் பெரிதாக உள்ள கோயில்களைக் காலை 9 மணிக்குள் முடியுங்கள். கழிப்பறையும் சின்ன ஊர்களில் நம்பிக்கையில்லை. காரைக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் மாதிரி இடங்களில் கட்டாயம் ஒரு நிறுத்தம் போடுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருகிற அப்பத்தாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடை சாத்தின அந்த நாலு மணி நேரத்துக்கு என்ன செய்வது? திருமயம் கோட்டை என்று சிலர் கிளம்புவார்கள். மொட்டைப் பாறையில் உச்சி வெயிலில் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. கோட்டைக்குக் கீழே பாறையிலேயே குடைந்த சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்களோடு சேர்த்து அதை மாலைக்குத் தள்ளுங்கள். மதியத்துக்கு வீடுகள்தான் சரி. ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் பெரிய வீடு இருக்கிறது, அந்த ஊரிலேயே கையால் தரை ஓடு வார்ப்பதையும் பார்க்கலாம். ஆனால் கானாடுகாத்தானில் கண்ணில் படுகிற வீட்டையெல்லாம் தட்டாதீர்கள். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்குதாரர்கள், ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். சாவி வைத்திருக்கும் பெரியவர் உங்களை உள்ளே விட்டால், பதில் சொல்ல வேண்டியது அவர்தான். திண்ணையில் உட்கார்ந்து படம் எடுக்கவும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கடைசியாக. செட்டிநாடு என்றதும் கோழியும் நண்டும் நினைவுக்கு வரும், தப்பில்லை. அதை மதியம் சாப்பிட்டால் மாலைக் கோயிலுக்கு வேனில் பாதிப் பேர் இறங்க மாட்டார்கள், மீதிப் பேர் அவர்களை முறைப்பார்கள். அசைவத்தை ஊர் திரும்பும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சைவ இலைச் சாப்பாடு, அதுவும் முதல் நாளே மெஸ்ஸுக்குப் போன் செய்து டிரைவரையும் சேர்த்துத் தலை எண்ணிச் சொல்லிவிடுங்கள். 25 என்று சொல்லிவிட்டு 32 பேர் போய் உட்கார்ந்தால் ரசம் தண்ணீராகத்தான் வரும்.