அடகுக் கடையில் பழைய டூல்ஸ் வாங்குவது எப்படி: பேட்டரியில் ஏமாந்தவன் எழுதுவது

"அடகுக் கடை வரைக்கும் போய்ட்டு வரேம்மா" என்று போனில் சொன்னதுதான் தாமதம், அம்மா பதறிவிட்டார். வேலை போய்விட்டதா, வீட்டுக் கடன் கட்ட முடியவில்லையா, உன் மனைவி நகையிலா கை வைக்கிறாய் என்று வரிசையாகக் கேள்வி. இங்கே டெக்சாஸில் அடகுக் கடை என்றால் தங்கம் மட்டும் இல்லை, கிட்டார், டிவி, துப்பாக்கி, டிரில்லிங் மிஷின் என்று எதையும் வைத்துக் கடன் வாங்குவார்கள், தவணை முடிந்து மேலும் ஒரு மாதம் ஆகியும் மீட்காவிட்டால் பொருள் கடைக்காரருக்குப் போய் அங்கேயே விற்பனைக்கு வந்துவிடும், நான் போவது அதை வாங்கத்தான் என்று விளக்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. கடைசியில் "அடகுல மூழ்கின பொருள் வீட்டுக்கு ஆகாதுடா" என்றார். அது வேறு கதை.

டாலஸ் பக்கம் வீடு வாங்கிய முதல் வருடமே காற்றில் வேலி சாய்ந்தது. ஆள் வைத்துச் சரிசெய்யக் கேட்ட கூலியில் ஒரு சின்ன மரப்பட்டறையே வைக்கலாம் போலிருந்தது. அப்படி ஆரம்பித்ததுதான். இந்த ஊரில் அடகுக் கடைக்குப் பஞ்சமே இல்லை. நாட்டின் பெரிய அடகு நிறுவனங்களான ஃபர்ஸ்ட்கேஷ், ஈஸிகார்ப் இரண்டுக்கும் தலைமையகம் டெக்சாஸ்தான். தனி ஆள் நடத்தும் சின்னக் கடைகளும் நிறைய. என் அனுபவத்தில் பேரம் படிவது சின்னக் கடையில்தான்.

படி 1: எந்த பேட்டரி என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

கடையில் நின்று முடிவு செய்தால் ஒரே வருடத்தில் நான்கு கம்பெனி சார்ஜர் வீட்டில் தொங்கும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் ஏறாது. அதனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். நான் டிவால்ட் 20 வோல்ட் பக்கம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, இங்கே அடகுக் கடைக்கு அடகுக் கடை டிவால்ட்டின் மஞ்சள் நிறமாகத்தான் இருக்கிறது. மில்வாக்கி எம்18 அதைவிட நல்லது என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வரும், வரட்டும். ரியோபி பழசாக வாங்காதீர்கள். மட்டமான பொருள் என்பதால் அல்ல, புதுசே மலிவு என்பதால். ஆனால் 1996 முதல் ஒரே வடிவ பேட்டரியை விடாமல் வைத்திருப்பதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேஜையில் வைத்துச் செய்யும் வேலைக்கு ஒயர் வைத்த மிஷின் போதும். ஒயர் வைத்த பழைய மகிட்டா எதைக் கண்டாலும் எனக்குக் கை நீளும்.

படி 2: புதுசு என்ன விலை என்று பாருங்கள்

போனை எடுத்து அங்கேயே பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். புதுசு விலையில் பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. ஹோம் டிப்போ, லோஸ் கடைகளில் தந்தையர் தினம், நன்றி நவிலல் நாள் சமயங்களில் பேட்டரி வாங்கினால் மிஷின் சும்மா என்கிற மாதிரி தள்ளுபடி வரும். அந்த வாரத்தில் அடகுக் கடை விலைதான் அதிகமாக இருக்கும். பழைய பொருளுக்கும் விற்பனை வரி உண்டு, இங்கே 8.25 சதவீதம் வரை. பேரத்தின்போது அதை மறந்துவிட்டு பில்லைப் பார்த்து முழிக்காதீர்கள்.

படி 3: சோதனை (இங்கேதான் நான் விழுந்தேன்)

நான் முதலில் வாங்கியது ஒரு இம்பாக்ட் டிரைவரும் (திருகாணி ஏற்றும் மிஷின்) இரண்டு பேட்டரியும். கடைக்காரர் பேட்டரியின் பொத்தானை அழுத்திக் காட்டினார், மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. விசையை அழுத்தினேன், விர்ரென்று சுற்றியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வேலிக் கட்டையில் மூன்று அங்குலத் திருகாணி ஒன்றை ஏற்றினேன், ஏறியது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றிப் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கு. டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினால் மறுபடி மூன்று! பேய் பிடித்த பேட்டரியோ என்று அன்று முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

விஷயம் இதுதான். அந்த விளக்கு காட்டுவது வோல்டேஜை மட்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் முக்கால்வாசி சேறு படிந்திருந்தாலும் மேலிருந்து எட்டிப் பார்த்தால் தொட்டி நிறைந்துதானே தெரியும்? குழாயைத் திறந்தால் இரண்டே குடம். தேய்ந்த பேட்டரியும் அதே கதை. சும்மா சுற்றும்போது எதுவும் தெரியாது, மரத்துக்குள் ஏற்றும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

ஆகவே இப்போது கடைக்குப் போகும்போது ஒரு பை எடுத்துப் போகிறேன். உள்ளே இருப்பவை: நன்றாக வேலை செய்யும் என் சொந்த பேட்டரி ஒன்று, முழங்கை நீளத்தில் கட்டைத் துண்டு ஒன்று, மூன்று அங்குலத் திருகாணிகள் பத்து, ஒரு அங்குல அகலத் தட்டைத் துளை பிட் ஒன்று. முதலில் என் பேட்டரியைப் போட்டு மிஷினைச் சோதிப்பேன், அப்புறம் அவர்கள் பேட்டரியைப் போட்டு அதே கட்டையில் அதே பிட்டால் மூன்று துளை. இப்படிச் செய்தால் குற்றவாளி மிஷினா பேட்டரியா என்று தனியாகத் தெரிந்துவிடும். கடைக்குள் தூள் கொட்டக்கூடாது என்பார்கள், வாசலுக்குப் போங்கள். துளை போடவே விடமாட்டேன் என்றால் பேட்டரிக்கு ஒரு பைசாகூட மதிப்புப் போடாமல் வெறும் மிஷினுக்கு மட்டும் விலை பேசுங்கள். உண்மையைச் சொன்னால் எப்போதுமே அப்படிப் பேசுவதுதான் நல்லது. பழைய பேட்டரி இலவச இணைப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை உண்டு. விளக்கு முழுக்க அணையும்வரை ஓட்டிவிட்டு சார்ஜரில் போடுங்கள். 5 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு) பேட்டரி பத்து பதினைந்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது சேறு நிறைந்த தொட்டி. கையில் தூக்கியும் பாருங்கள். 18 வோல்ட் வகைகளில் 2 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குள் பொதுவாக ஐந்து செல், 5 ஆம்பியர்-அவருக்குள் பத்து செல் இருக்கும், எடை ஏறக்குறைய இரட்டிப்பு. 5 என்று ஒட்டியிருந்தும் கையில் லேசாக இருந்தால் ஒட்டியிருப்பது பொய்யாக இருக்கலாம்.

20 வோல்ட், 18 வோல்ட் என்று குழம்புபவர்களுக்கு: செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொடும், ஐந்து சேர்ந்தால் 20. இரண்டும் ஒரே சரக்கு, ஒட்டும் பெயர்தான் வேறு. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. டிவால்டிலேயே பழைய 18 வோல்ட் வகை ஒன்று உண்டு. அதன் பேட்டரியின் தலையில் கட்டைவிரல் மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு கைப்பிடிக்குள் நுழையும். அதில் இப்போதைய சறுக்கி மாட்டும் பேட்டரி நேரடியாக ஏறாது. அடகுக் கடைகளில் இன்றைக்கும் அது குவிந்து கிடக்கிறது, மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

ஒயர் வைத்த மிஷினுக்குச் சோதனை சுலபம். ஓடவிட்டுக் காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். மோட்டாருக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் பக்கம் சின்னதாக நீலப் பொறி வந்தால் சகஜம், கார்த்திகைக்குச் சுற்றும் மாவலி மாதிரி வட்டமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பாகம்) போய்விட்டது. முகர்ந்தும் பாருங்கள், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிய நாற்றம் ஒருமுறை பிடித்தால் போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிட் மாட்டும் வாயைப் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றியிருந்தால் பயப்பட வேண்டாம், ஒயர் மாற்றுவது அரைமணி வேலை, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். சர்க்குலர் சா (வட்ட ரம்பம்) என்றால் கீழ் மூடியைத் தூக்கி விடுங்கள், டக்கென்று தானாக மூட வேண்டும். அடித்தகடு வளைந்திருந்தால் ஜென்மத்துக்கும் நேராக அறுக்காது.

எதைத் தொடவே கூடாது

சீரியல் நம்பர் தேய்க்கப்பட்ட எதையும். அடகு வருவதை எல்லாம் கடைகள் போலீசுக்குத் தெரிவிக்கிறார்கள், அதனால் திருட்டுப் பொருள் நாம் நினைக்கும் அளவுக்கு வருவதில்லை. ஆனாலும் நம்பர் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பாதுகாப்பு மூடி இல்லாத கிரைண்டர் வேண்டாம், மூடி இருந்தாலும் அதோடு வரும் பழைய சக்கரத்தைக் குப்பையில் போடுங்கள். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) வேண்டாம், எத்தனை முறை கீழே விழுந்ததோ யாருக்குத் தெரியும். ஏர் கம்ப்ரசர் தொட்டிக்குள் துரு எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது, எனக்குப் பயம்.

ஸ்பேனர், சாக்கெட், சுத்தியல் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒன்றிரண்டு அளவு காணாமல் போயிருக்கும், எல்லோரும் தொலைக்கும் 10 மில்லிமீட்டர் நிச்சயமாக இருக்காது.

படி 4: பேரம்

ரங்கநாதன் தெருவில் செய்கிற மாதிரி சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், முகம் சுளிப்பார்கள். நான் செய்வது: இரண்டு மூன்று பொருளைச் சேர்த்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ரொக்கம் தருகிறேன், வரியோடு சேர்த்து எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். அந்த மௌனத்தில் பெரும்பாலும் விலை இறங்கிவிடும். திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு துணிப்பையை அப்படியே வாங்கினேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால் அடியில் தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சில் ஒன்று, கத்தியால் சீவிச் சீவி சுண்டுவிரல் நீளத்துக்கு வந்திருந்தது. அளக்கும் டேப்பின் முதுகில் மார்க்கரால் யாரோ அளவுகளைக் குறித்து வைத்திருந்தார்கள், கடைசி அளவை மட்டும் கோடு போட்டு அடிக்கவில்லை. அந்தப் பென்சிலை என்ன செய்வது என்று தெரியாமல் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை 1

மில்வாக்கி வாங்கிய ஒருவர் மிஷின் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஓடமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். சில மாடல்களில் ஒன்-கீ என்று ஒரு வசதி இருக்கிறது, சொந்தக்காரர் போன் செயலி மூலமாகவே மிஷினைப் பூட்டிவிடலாம். மிஷின் மேல் அந்தப் பெயர் இருந்தால் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பூட்டியிருந்தால் அது யார் வீட்டிலிருந்து வந்தது என்கிற கேள்வியும் சேர்ந்தே வருகிறது, பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை 2

"ஊருக்கு எடுத்துப் போகலாமா?" இதை நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஒயர் வைத்தது வேண்டாம். இங்கே 120 வோல்ட், அங்கே 230, நேராகச் செருகினால் புகைதான் வரும். அதற்கென்று ஒரு டிரான்ஸ்பார்மரைத் தூக்கித் திரிவதற்கு ஊரிலேயே புதுசு வாங்கிவிடலாம். பேட்டரி மிஷினைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், சார்ஜரை மட்டும் ஊரில் வாங்குங்கள். டிவால்ட் என்றால் சார்ஜர் மேல் 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம், நம் 20 வோல்ட் பேட்டரி அதில் ஏறும். விமானத்தில் மிஷின் பெரிய பெட்டியிலும், கழற்றிய பேட்டரி கைப்பையிலும் போக வேண்டும், மாற்றி வைத்தால் பிரச்சினை. பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 90 வருகிறது, ஆனால் பேட்டரி மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைத்தான் அதிகாரி படிப்பார். முனைகளில் டேப் ஒட்டி எடுத்துப் போங்கள். நான் போன முறை இரண்டு கொண்டுபோனேன், மாமா இப்போது அந்த டிரில்லைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்.