தரிசு என்று எழுதியிருந்தால் ஆட்டுக்குப் பின்னால் போங்கள்

சூரிய மின் நிலையம் வந்த ஊருக்குக் களஆய்வுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இது. நான் புவியியல் ஆய்வு செய்தது இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிப் பக்கம். 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்த இடம். சுமார் 2,500 ஏக்கர்.

காகித வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சர்வே எண் இருந்தால் சிட்டா (யார் பெயரில் எந்த நிலம்), அ-பதிவேடு (அந்த நிலம் என்ன வகை), புலப்படம் (அதன் அளவு வரைபடம்) எல்லாம் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று (பத்திரப் பதிவுகளின் பட்டியல்) பார்த்து, கைமாறிய தேதிகளை வரிசையாக எழுதுங்கள். திட்டம் அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்பு ஒரே பெயர் பத்து சர்வே எண்களை வாங்கியிருந்தால், அங்கே நின்று விசாரியுங்கள்.

அப்புறம் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) அடங்கல் பாருங்கள், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருடாவருடம் எழுதும் கணக்கு. அதில் ‘தரிசு’ என்றிருந்தால் அந்த வருடம் வெள்ளாமை இல்லை, அவ்வளவுதான். வானம் பார்த்த பூமியில் அது சாதாரணம். ஆனால் திட்டக் காகிதத்துக்குப் போனதும் அதே சொல் ‘யாருக்கும் உதவாத நிலம்’ ஆகிவிடும். அந்த நிலத்துக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நான் சறுக்கியதும் இங்கேதான். “எத்தனை ஏக்கர் போனது?” என்று படிவம் அச்சடித்துக்கொண்டு போனேன். ஒரு அப்பத்தா, “நமக்கேது தாயி நெலம்? ஒண்ணும் போகல” என்றார். ‘பாதிப்பு இல்லை’ என்று குறித்துக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால், அவர் தார்ரோட்டு ஓரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார், பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி. முன்னே எங்கே மேய்த்தீர்கள் என்று கேட்டேன். கம்பால் வேலிக்குள்ளே காட்டினார். அன்று இரவே படிவத்தைத் தூக்கிப் போட்டேன். யாருடைய நிலம் என்று தொடங்காதீர்கள். அங்கே யார் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். விறகு, ஆடு, களையெடுப்புக் கூலி, பனை, குறுக்குப் பாதை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் பதிவைத் தேடி அலைய வேண்டாம். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, அதனால் அந்தக் கூட்டமும் இல்லை. ஊரார் சொன்னது உங்கள் நோட்டில்தான் இருக்கும். தேதி போட்டு எழுதுங்கள்.

இரண்டு தடவை போங்கள், சித்திரையில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்று. சித்திரையோடு நிறுத்தினால் உங்கள் கண்ணுக்கும் அது தரிசுதான். ஆட்டுக்குப் பின்னால் நடக்க ரப்பர் செருப்பு ஆகாது, கருவேல முள் ஏறிவிடும்.