நியூயார்க்கில் பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு: வந்த வாரமே பார்க்க வேண்டிய வேலை

குழந்தைகளோடு நியூயார்க்கில் வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?" என்பதுதான். "வேலை கொஞ்சம் நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள் சிலர். "கவர்மென்ட் இன்ஷூரன்ஸ் எல்லாம் வசதியே இல்லாதவங்களுக்குத்தானே, நமக்கெதுக்கு?" என்பார்கள் மற்றவர்கள். இப்படி நினைத்துத் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் பிள்ளைக்குக் காது வலி வரும், விளையாடும்போது கை முறியும். இந்த மாநிலத்தில் 19 வயது நிறையாத பிள்ளைகளுக்கு சைல்டு ஹெல்த் பிளஸ் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. நடுத்தரச் சம்பளம் வாங்கும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து உருவாக்கிய திட்டம் இது.

வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு என்ற அரசுக் காப்பீட்டுக்குத் தகுதி பெற முடியாத அளவுக்குச் சம்பளம் கூடுதல், தனியார் காப்பீடு வாங்கப் போதாத அளவுக்குக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகளின் பிள்ளைகளுக்காக நியூயார்க் 1990-இலேயே சட்டம் இயற்றியது. செனட்டர்களான ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்சும் சேர்ந்து முன்னெடுத்து, பிள்ளைகளுக்கான இதே வகைக் காப்பீடாக நாடு முழுமைக்குமான 'சிப்' திட்டம் வந்தது 1997-இல். நம்மவர்கள் பலர் இருப்பதும் அந்த நடு இடத்தில்தான். குவீன்ஸில் மளிகைக் கடையில் வேலை பார்ப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், குடும்பத்துக்கான பிரீமியத்தில் (காப்பீட்டுக்கு மாதாமாதம் கட்டும் தொகையில்) ஒரு டாலர்கூடப் பங்கு தராத சிறு கன்சல்டிங் கம்பெனியில் எச்-1பி விசாவில் இருப்பவர் எல்லோரும் இதில் அடக்கம்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அமெரிக்க அரசு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வறுமைக் கோட்டை அறிவிக்கும். 2025-இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 32,150 டாலர். அதில் 222 சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 71,000 டாலர் வரை வருமானம் இருந்தால் பிரீமியமே கிடையாது. அதற்கு மேல் போகப் போக, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 15, 30, 45, 60 டாலர் என்று ஏறும். மூன்று பிள்ளைகளுக்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் மூன்று பேருக்கான தொகைதான். இந்தச் சலுகை 400 சதவீதம் வரை, நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர் வரை உண்டு. அதையும் தாண்டினால் முழுப் பிரீமியம் கட்டிச் சேரலாம். எந்தப் படியில் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கோ-பே (ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கிடையாது, டிடக்டிபிளும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) கிடையாது. பல், கண், மருந்து, தடுப்பூசி, மனநல சிகிச்சை, அவசர சிகிச்சை எல்லாம் இதற்குள் வரும்.

அடுத்து எல்லோரும் தயங்கிக் கேட்பது விசாவைப் பற்றி. பிள்ளையின் குடியேற்ற நிலை சைல்டு ஹெல்த் பிளஸுக்குத் தடையில்லை. எச்-1பி விசாக்காரரின் பிள்ளையாக எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை, தஞ்சம் கோரிக் காத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை, ஆவணம் இல்லாத பிள்ளை என யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நியூயார்க்கில் வசிக்க வேண்டும், வேறு காப்பீடு இருக்கக் கூடாது. பெற்றோர் தங்களுக்கென்று விண்ணப்பிக்காதவரை தங்கள் விசா விவரத்தையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ தர வேண்டியதில்லை.

"இதை எடுத்தால் கிரீன் கார்டு கெடுமா?" என்ற பயம் நம் வீடுகளில் நிறைய உண்டு. கிரீன் கார்டு கேட்பவர் அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்ப்பது பப்ளிக் சார்ஜ் விதி. 2022-இல் வந்த அந்த விதி, சைல்டு ஹெல்த் பிளஸ் போன்ற சிப் வகைக் காப்பீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. 2025 நவம்பரில் அந்த விதியை நீக்கும் முன்மொழிவு வந்தது. மெடிகெய்டு தரவுகளைக் குடியேற்றத் துறையோடு பகிர்ந்த விவகாரமும் அதே ஆண்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஆகவே கிரீன் கார்டு விண்ணப்பம் நடப்பில் இருப்பவர்களும் ஆவணம் இல்லாதவர்களும் இலவச சட்ட உதவி மையத்திலோ குடியேற்ற வழக்கறிஞரிடமோ ஒரு முறை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பிப் பிள்ளையைக் காப்பீடு இல்லாமல் விடாதீர்கள்.

விண்ணப்பத்தை 'நியூயார்க் ஸ்டேட் ஆஃப் ஹெல்த்' என்ற மாநில அரசின் காப்பீட்டுத் தளத்தில் ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். தனியாகப் போட வேண்டாம் என்பது என் கருத்து. நேவிகேட்டர் என்று அழைக்கப்படும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் காசு வாங்காமல் கூடவே உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். தொலைபேசியில் இணைப்பார்கள், அதற்கும் கட்டணமில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரர் தரும் கடிதமோ, சம்பளச் சீட்டு இவை போதும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர் முதலாளியிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். கம்பெனிக் காப்பீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால், இது உறுதியாகும் வரை அதை நிறுத்த வேண்டாம்.

ஃபிடெலிஸ், ஹெல்த்ஃபர்ஸ்ட், மெட்ரோபிளஸ் என்று இந்தக் காப்பீட்டை நடத்தும் சில பிளான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் குழந்தை மருத்துவரின் கிளினிக்கை அழைத்து, "இந்த பிளானின் சைல்டு ஹெல்த் பிளஸை ஏற்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மற்ற வித்தியாசங்களை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

காப்பீட்டு அட்டை வந்ததும் முதல் வேலை தடுப்பூசி. நியூயார்க் பள்ளிகள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் சேர்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஆவணம் திரட்ட 30 நாள் அவகாசம் உண்டு. ஊரில் எல்லாம் போட்டாயிற்றே என்று நினைப்போம். அம்மை தடுப்பூசி என்றதும் தட்டம்மை ஊசியைக் காட்டுகிறோம். இங்கே சின்னம்மைக்கும் தனியாகக் கேட்பார்கள். அது இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்திலும் இல்லை, இலங்கையின் திட்டத்திலும் இல்லை. தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் ஒழிய இங்கு வந்துதான் போட வேண்டும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் இங்கே கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசியாகப் போட்டதைத்தான் பார்ப்பார்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்டால், பிள்ளைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டிருப்பதைச் சொல்லி ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோலில் செய்யும் சோதனை, நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டக்கூடும். ஊர்த் தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான டாலர் அச்சிட்ட ஒரு கடிதம் வரும். நெஞ்சு பதறும். மேலே "இது பில் அல்ல" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கிளினிக்கும் பிளானும் தங்களுக்குள் தீர்த்த கணக்கு அது. உண்மையான பில்லே வந்தாலும் உடனே கட்டாமல், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் பிளானை அழைத்துக் கேளுங்கள்.

சேர்ந்த பிள்ளைக்கு ஓராண்டு காப்பீடு உண்டு. நடுவில் சம்பளம் கூடினாலும் எடுத்துவிட மாட்டார்கள். 2024 ஜனவரி முதல் இது நாடு முழுவதற்கும் சட்டம். பிரீமியம் கட்ட வேண்டியவர்கள் மட்டும் மாதம் தவறாமல் கட்டிவிடுங்கள். ஆண்டு முடிவில் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும், அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் வருடத்தில் பேஸ்மென்ட் வீடு, பிறகு நண்பர் வீடு, பிறகு அப்பார்ட்மென்ட் என்று மாறிக்கொண்டே இருப்போம். கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடும். வீடு மாறிய அன்றே முகவரியை மாற்றுங்கள். ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குக் குடிபோனால் இந்தக் காப்பீடு கூட வராது. அங்கே 'என்ஜே ஃபேமிலிகேர்' என்று வேறு திட்டம். 2023 ஜனவரி முதல் அதுவும் குடியேற்ற நிலை பாராமல், வருமான வரம்புக்குள் இருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. லாரிக்குச் சொல்லும் முன்பே அங்கு எப்படிச் சேர்வது என்று விசாரித்துவிடுங்கள்.