முகாம் பிள்ளைகளின் காகிதங்கள்: அட்மிஷன் சீசனில் கண்ணில் படும் தவறுகள்

தாரமங்கலத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே குறுக்குப்பட்டி, பவளத்தானூர் இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். முகாம் அடையாள அட்டை, மார்க் ஷீட், டி.சி., ஆதார் எல்லாம் அதற்குள். மேஜையில் கொட்டியதும் மார்க்கைத்தான் பார்க்கச் சொல்லி நீட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது பெயரை.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். டிலக்சனா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. முகாம் பதிவில் 'டிலக்சனா'. ஆஸ்பத்திரியில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் 'திலக்ஷனா'. மார்க் ஷீட்டில் 'திலக்சனா'. ஆங்கிலத்தில் முதல் எழுத்தே காகிதத்துக்குக் காகிதம் வேறு. அப்பா பெயர் மன்னாரிலிருந்து கொண்டுவந்த பழைய காகிதத்தில் 'றொபேட்', பள்ளியில் 'ராபர்ட்'. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஈழத்தில் எழுதுகிற முறை வேறு, நம் குமாஸ்தா காதில் விழுகிற ஒலி வேறு. அவர் தனக்குத் தெரிந்த மாதிரி திருத்திவிட்டார். வீட்டில் பெரியவர்கள், 'எழுத்துப் பிழைதானே, பிறகு பாப்பம்' என்று விட்டிருக்கிறார்கள்.

இந்த 'பிறகு'தான் முதல் தவறு. உள்ளூர்ப் பிள்ளைக்குப் பெயர் பிசகினால் ஓர் அலைச்சலோடு போகும். முகாம் பிள்ளைக்கு இந்தக் கவரில் இருப்பதை விட்டால் 'இவர்தான் அவர்' என்று சொல்ல வேறு ஆவணமே கிடையாது. பிழையான காகிதமும் அதேதான், அதைத் திருத்தக் கேட்கப்படும் ஆதாரமும் அதேதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் எடுப்பார்கள். அந்த வாரமே முகாம் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். மார்க் ஷீட் அச்சாகி வந்தபின் திருத்துவது என்பது சென்னை வரை போகும் கதை.

பிறப்புச் சான்றிதழே பெயரில்லாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். பிறப்பைப் பதிந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு, 15 ஆண்டுக்குள் சேர்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பள்ளி சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்று சட்டம் ஆகிவிட்டது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

பழைய பிறப்புச் சான்றிதழ்களையும் லேசாக எண்ண வேண்டாம். இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போனார். பாஸ்போர்ட் வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில் அந்த நாலு வருடத்துக்குள் பிறந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கறையான் அரித்த அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆனால் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. 'இங்கதானே பிறந்தேன்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது நேஷனாலிட்டி கட்டம். இதில் தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற கடைக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆன்லைன் படிவம் அடுத்த பக்கம் போகாது. கியூவில் பத்துப் பேர் நிற்பார்கள். 'இந்தியன்' என்று தட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறோம். சான்றிதழ் சரிபார்ப்பில் முகாம் அட்டையை நீட்டும்போது சிக்குகிறது. கடைக்காரன் தட்டிய பொய்க்கு அந்தப் பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். பொறியியல் கவுன்சிலிங்கில் இலங்கைத் தமிழ் அகதி என்றே சொல்லி, அதற்கான சான்றிதழைப் பதிவேற்ற வழி இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆதார் இருப்பதால் குடிமகன் ஆகிவிட்டோம் என்பதும் தப்பு. ஆதார் இங்கே வசிப்பதற்கான அட்டை, அவ்வளவுதான். அதைக் காட்டி, இந்தியர் என்று எழுதிக் கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு கையெழுத்தே எதிரில் வந்து நிற்கும்.

டாக்டர் கனவைப் பற்றிச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடத்துக்கு இந்தியக் குடியுரிமை கேட்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை இதைப் பிளஸ் டூ முடித்து, நீட் கோச்சிங்குக்கும் கடன் வாங்கிக் கட்டியபின் தெரிந்துகொள்வது கொடுமை. பத்தாவதிலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், ஆசிரியர்களாவது. அரசுத் தேர்வு கோச்சிங்குக்கும் இதே கதை: பணம் கட்டுமுன் அறிவிக்கையில் குடியுரிமை பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள். அதற்காகப் படித்து என்ன லாபம் என்று பையன்களைப் பெயின்ட் வேலைக்கு அனுப்புவதும் சரியில்லை. முகாம் பிள்ளைகளில் பொறியியல் சேருபவர்களில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2021இல் முதல்வர் அறிவித்தார். மற்ற படிப்புகளுக்கும் உதவித்தொகை கூடியது. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி இங்கிருந்து எட்டும் தூரம்தான். தனியார் கல்லூரி ஆள் முகாமுக்கே வந்து இனிக்க இனிக்கப் பேசினால், முன்பணம் நீட்டுமுன் கலெக்டர் ஆபீசில் மறுவாழ்வுப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் தவறு பள்ளிகள் பக்கம். டி.சி. வரட்டும், வயதுச் சான்று வரட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காரணம் சொல்லிச் சேர்க்கை மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. குடிமகனா என்றும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. வடக்கிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. இங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இலங்கைக் குடியுரிமை வாங்காமல் கிளம்ப வேண்டாம். இல்லாவிட்டால் அங்கே போயும் அந்தப் பிள்ளை நாடற்றதாகத்தான் நிற்கும். படிப்பைப் பாதியில் பிடுங்குவது அதைவிட மோசம். அங்கே பதினோராம் ஆண்டில் சாதாரண தரத் தேர்வு, பதின்மூன்றில் உயர்தரத் தேர்வு. பல்கலைக்கழகத்துக்குள் போகும் பொதுவழி உயர்தரத்தின் இசட் புள்ளிதான், அதாவது தரப்படுத்திய மதிப்பெண். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையை நடுவில் கூட்டிப் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். 2025 மே மாதக் கடைசியில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டுப் போனாராம்! ஆணையம் அனுப்பும் வேலையை நிறுத்தி வைத்தது. ஆகவே நிலவரத்தை விசாரிக்காமல் வீட்டுச் சாமானை விற்காதீர்கள். படகில் ஆஸ்திரேலியா என்பவனிடம் பேசவே வேண்டாம். 2013 ஜூலையிலிருந்து படகில் வந்தவரை அங்கே குடியேற விடுவதில்லை.

டிலக்சனாவின் காகிதத்தைச் சரிசெய்ய முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் ஆபீஸ், பள்ளி என்று எட்டு வாரம் ஆனது. முதல் சுற்றுக் கவுன்சிலிங் போய்விட்டது. பிந்திய சுற்றில் ஓர் இடம் கிடைத்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது கூட ஒன்பதாவது படிக்கும் தம்பி. அவன் கவரையும் கொட்டி, நாலு காகிதத்தையும் வரிசையாக அடுக்கி, பேனாவால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனாள். மூன்றாவதில் நிறுத்தினாள். "அண்ணா, இதுல ஒரு கால் விட்டுப்போயிருக்கு."