சென்ட்ரல் மெட்ரோவில் பலரும் செய்யும் தவறுகள்

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது நேரக் கணக்கில்தான். ஊருக்குப் போகிற ரயில் 9 மணிக்கு என்றால், மெட்ரோ 8.45-க்குக் கொண்டுபோய் விட்டுவிடும், போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையம் சின்ன இடம் இல்லை. நீலத் தடமும் பச்சைத் தடமும் பூமிக்கடியில் வெவ்வேறு ஆழத்தில் ஓடுகின்றன, அங்கிருந்து ஒவ்வொரு தளமாக ஏறி, டிக்கெட் காட்டி வெளியே வந்து, சுரங்கப்பாதையில் நடந்து, அப்புறம்தான் ரயில்வே நிலையமே வரும். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால், மெட்ரோவை விட்டு இறங்கியதிலிருந்து அரை மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.

அடுத்தது, எதிரே தெரிகிற முதல் எஸ்கலேட்டரில் ஏறிவிடுவது. என் அம்மாவும் நானும் ஒருமுறை அப்படி ஏறி, ஈ.வெ.ரா. பெரியார் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம், இரண்டு பெட்டிகளோடு மறுபடி கீழே இறங்கி வர வேண்டியிருந்தது. வெளியூர் ரயில் பிடிக்க ஒரு வாசல், மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கு ஒரு பக்கம், தாம்பரம் போகும் மின்சார ரயில் நிற்கிற பூங்கா நிலையமோ சாலைக்கு எதிர்ப்பக்கம். அரசு பொது மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான். மேலே ஏறும் முன் பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள், அல்லது அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். கனமான பெட்டி இருந்தால் எஸ்கலேட்டர் வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது.

விமான நிலையம் போகிறவர்கள் தடத்தைச் சரியாகப் பாருங்கள். நீலத் தடம் அண்ணா சாலை வழியாக நேராகப் போகும், அதிலும் எதிர்த்திசையில் விம்கோ நகர் போகும் ரயிலில் ஏறிவிடக் கூடாது. பச்சைத் தடம் கோயம்பேடு, வடபழனி என்று மேற்கே சுற்றிப் பரங்கிமலை போகிறது.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் வேறு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இன்னமும் பெட்டியோடு வெளியே வந்து ஆட்டோவிடம் பேரம் பேசுகிறார்கள். பச்சைத் தடத்தில் அடுத்த நிறுத்தமே எழும்பூர்! 2018 மே மாதத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

நடைமேடை ஓரத்தில் இருக்கும் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நிற்பதும், மூடும்போது கையையோ பையையோ நீட்டி நுழையப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருக்கவும், குளிர்காற்று சுரங்கத்துக்குள் போய்விடாமல் இருக்கவும்தான் அந்தக் கதவு. ரயிலின் கதவும் இந்தக் கதவும் நேருக்கு நேர் வந்து நின்று, இரண்டும் சேர்ந்தே திறக்கும், சேர்ந்தே மூடும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

க்யூஆர் டிக்கெட் எடுத்தவர்கள் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே வர மட்டுமல்ல, வெளியே போகவும் அதைக் காட்ட வேண்டும்.

அப்புறம், அதிகாலை 4 மணிக்கு ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் மெட்ரோ திறந்திருக்கும் என்று நம்பிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதல் ரயில் 5 மணி வாக்கில்தான், அதுவரை ரயில்வே நிலையத்திலேயே உட்கார்ந்திருங்கள்.