கியர்பாக்ஸ் ஷாஃப்ட்: ஷிம் கணக்கு

டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் உள்ள பேரிங்) போட்ட ஷாஃப்டில் பழைய ஷிம்மையே (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய உலோகத் தகடு) திரும்பப் போடாதீர்கள். பேரிங் மாறினால் அளவும் மாறும்.

முதலில் வேண்டுமென்றே மெல்லிய ஷிம் வைத்து, சீலன்ட் இல்லாமல் ஹவுசிங்கை மூடி, போல்ட்டுகளை முழு டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) இறுக்குங்கள். பேரிங்கில் லேசாக எண்ணெய் இருக்கட்டும். ஷாஃப்டைக் கீழே அழுத்திப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு மேலே தூக்கிப் பிடித்து அதேபோல் சுற்றிவிட்டுக் கேஜ் காட்டும் அளவைப் படியுங்கள்; அதுதான் ஷாஃப்டின் ஆட்டம். சுற்றாமல் எடுத்த அளவு பொய் சொல்லும். ரோலர்கள் சரியாக உட்கார்ந்திருக்காது.

ஆட்டம் 0.35 மி.மீ., மேனுவல் கேட்கும் ப்ரீலோட் (ஆட்டம் போன பிறகும் பேரிங்கைக் கூடுதலாக அழுத்தி வைக்கும் அளவு) 0.05 மி.மீ. என்றால், வைத்த ஷிம்மோடு 0.40 கூட்டுங்கள். ஷிம்மில் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளப்பது நல்லது.

அலுமினிய ஹவுசிங் சூட்டில் எஃகு ஷாஃப்டைவிட அதிகம் விரியும். அதனால் ப்ரீலோட் குறைவாக இருந்தால் ஓட்டத்தில் ஷாஃப்ட் ஆடும், கியர் இரையும். கூடிப்போனால் இன்னும் மோசம்: பேரிங் சூடாகி நீலம் பாய்ந்து, சீக்கிரமே பொரிந்துவிடும்.

கப் (ஹவுசிங்கில் உட்காரும் பேரிங்கின் வெளி வளையம்) அடிவரை இறங்காமல் நின்றாலும் கணக்கு தப்பும். தட்டும்போது மழுங்கிய சத்தம் மாறி ‘டங்’ என்று கேட்க வேண்டும்.