சுரங்க விபத்தின் வரலாற்றை வாசிப்பது எப்படி: நியூசிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள்

நியூசிலாந்தின் சுரங்க விபத்துகளைப் பற்றிப் படிக்கும்போது, தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதையும், அங்கே வாயு ஏன் தேங்கியிருந்தது என்பதையும் இரு தனிக் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கே விடை சொல்லி முடித்துவிடுகின்றன.

1896 மார்ச் 26 அன்று நியூசிலாந்துத் தெற்குத் தீவின் மேற்குக் கரையில் உள்ள பிரன்னர் சுரங்கம் வெடித்து 65 பேர் இறந்தனர். யாரும் வேலை செய்திருக்கக் கூடாத பகுதியில் தொழிலாளர் வெடி வைத்ததே காரணம் என்றது அதிகாரபூர்வ விசாரணை; காற்றோட்டம் போதாமல், நிலக்கரியிலிருந்து கசியும் எரிவாயுவான மீத்தேன் சேர்ந்ததே காரணம் என்று சுரங்க அனுபவம் உள்ள வேறு சிலர் கருதினர். இறந்தவரின் மீது விழும் பழியை மறுத்துப் பேச அவர் வரமாட்டார் என்பதால், அத்தகைய முடிவுகளைச் சற்றே ஐயத்துடன் வாசிப்பது நல்லது.

அடுத்து, சுரங்கத்தின் வரைபடத்தைத் தேடுங்கள். காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறியது, ஆட்கள் தப்பிக்க இரண்டாவது வழி இருந்ததா என்று பாருங்கள். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும்போது அது வெடிக்கக்கூடியது; கரித்தூளும் சேர்ந்துகொண்டால் வெடிப்பு சுரங்கம் முழுவதும் பரவும்; அதில் தப்பியவர்களையும் பின்னர் எஞ்சும் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும்.

2010 நவம்பர் 19 அன்று 29 பேரைப் பலிகொண்ட பைக் ரிவர் சுரங்கத்தில் முதன்மைக் காற்றோட்ட விசிறி நிலத்தடியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. இரண்டாவது வழி என்று சொல்லப்பட்டதோ, நூறு மீட்டருக்கும் மேல் ஏணியில் ஏற வேண்டிய காற்றுக் குழி. வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை பதிவாகியிருந்தது என்று 2012இல் வெளிவந்த அரச விசாரணை ஆணைய அறிக்கை காட்டுகிறது. அப்போது நாடு முழுமைக்கும் சுரங்க ஆய்வாளர்கள் இருவரே இருந்தனர் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலத்தின் கதையையும் விட்டுவிடாதீர்கள். நில அளவையாளர் தாமஸ் பிரன்னர் மேற்குக் கரையில் நிலக்கரியைக் கண்டது 1848இல். அந்தக் கரையை அரசு ங்காய் தாஹு என்ற மாவோரிப் பழங்குடி மக்களிடமிருந்து வெறும் 300 பவுண்டுக்கு வாங்கியது 1860இல்.

பழைய செய்தித்தாள்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் நாள் செய்தியைவிட, அடுத்தடுத்த நாட்களில் வெளியான சாட்சியங்களே பயன் மிக்கவை. நாடாளுமன்ற ஆவணங்களில் உள்ள ஆண்டுச் சுரங்க அறிக்கைகளையும் புரட்டுங்கள். மேற்கூரை சரிந்து ஒருவர் இருவராக இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன.